தஃப்தரும் செய்தித்தாளும்: கிருஷ்ணகிரியிலிருந்து ஓர் அனுபவப் பகிர்வு

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ மண்டியில் கணக்கு எழுதுவது என் தொழில். அந்த வேலை போக மிஞ்சும் நேரத்தில், சென்னையிலிருந்து வெளிவரும் ஒரு முஸ்லிம் தமிழ் மாத இதழுக்கு எங்கள் மாவட்டத்துச் செய்திகளையும் கட்டுரைகளையும் நீண்ட காலமாக எழுதி அனுப்பி வருகிறேன்; பழையபேட்டையில் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய வாசிப்புக்கூடத்தின் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. இந்த இரண்டு வேலைகளிலும், நிக்காஹ் தஃப்தர் என்னும் பழைய திருமணப் பதிவேடுகளைப் படித்ததிலும் கற்றுக்கொண்டவை, இதே வழியில் இறங்க நினைக்கும் இளைஞர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன். எங்களைப் போன்ற சிறு நகரத்து முஸ்லிம்களின் அறிவு வாழ்க்கையில் இன்று பெரிதும் குறைந்திருப்பது செய்தி என்பதே நான் சொல்ல விரும்புவது. கருத்துக்குப் பஞ்சமில்லை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ மேடை முதல் கைப்பேசித் திரை வரை அறிவுரையும் கண்டனமும் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் எங்கள் தெருக்களில் எத்தனை குடும்பங்கள் தோப்புக் குத்தகையை நம்பி வாழ்கின்றன, மத்ரஸாவில் படித்து முடித்த பிள்ளைகள் பிறகு என்ன வேலைக்குப் போனார்கள், இந்தப் பள்ளிவாசலுக்கு நிலம் எழுதி வைத்தவர் யார் என்று கேட்டால் எழுத்தில் பதில் கிடைப்பதில்லை. நாம் எழுதி வைக்காதபோது பிறர் எழுதுவதே பதிவாக நின்றுவிடுகிறது. அந்தப் பிறர் எங்கள் தெருவுக்கு வருவதோ தகராறு நடந்தால் வருகிறார்கள், அல்லது தேர்தல் வந்தால் வருகிறார்கள்.

எங்கள் ஊரின் மொழி நிலையைச் சற்று விளக்க வேண்டும். ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் மைசூரோடு சேர்ந்திருந்த இந்தப் பாராமகால் பகுதி, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. மைசூர்க் காலத்துப் படைகளோடு வந்தவர்களின் வழியில் வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் இங்கே இருக்கின்றன. அவர்கள் வீட்டில் பேசுவது தக்கனி உருது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களும் இருக்கிறார்கள். எங்கள் தாதா, அதாவது பாட்டனார் தலைமுறைக்கு எழுத்தும் உருதுதான். நாங்கள் தமிழ்வழிப் பள்ளியில் படித்தோம். எங்கள் பிள்ளைகள் ஆங்கிலவழியில் படிக்கிறார்கள். ஆகவே வீட்டுப் பெட்டியில் இருக்கும் தாதாவின் கடிதத்தைப் பேரன் படிக்க முடியாது. பேரன் படிக்கும் புத்தகத்தில் தாதாவின் ஊர் இருக்காது. ஒரே வீட்டுக்குள் இவ்வளவு பெரிய இடைவெளி விழுந்துவிட்ட நிலையில், இங்கே செய்தி எழுதுகிறவன் உருதுவில் கேட்டுத் தமிழில் எழுதத் தெரிந்தவனாக இருந்தாக வேண்டும்.

முன்னோடிகள் செய்ததைப் படித்தபோதுதான் இந்த வேலையின் அளவு எனக்குப் புரிந்தது. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் சித்திலெவ்வை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கினார். நவீனக் கல்வி வேண்டும் என்று இதழில் வாதாடியதோடு அவர் நின்றுவிடவில்லை. அப்போது இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டிருந்த எகிப்தின் அராபி பாஷாவின் துணையும் சேர, 1892இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பள்ளிதான் பிற்காலத்தில் ஜாஹிராக் கல்லூரி ஆனது. சிங்கப்பூரில் சி.கு. மகுதூம் சாயபு 1887இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வாரந்தோறும் அங்கிருந்த தமிழ் மக்களுக்குச் செய்தி கொடுத்தது. தஞ்சை மாவட்டத்தில் பா. தாவூத்ஷா அரசுப் பணியை விட்டுவிட்டு இதழாளரானார். 1919இல் ‘தத்துவ இஸ்லாம்’ என்ற பெயரில் அவர் தொடங்கிய இதழ் பின்னர் ‘தாருல் இஸ்லாம்’ ஆகி, பல பத்தாண்டுகள் தமிழ் முஸ்லிம் வீடுகளில் வாதத்தை எழுப்பியபடி இருந்தது. ஜும்ஆப் பிரசங்கம் மக்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. வடக்கே, கல்கத்தாவில் மௌலானா ஆசாத் 1912இல் தொடங்கிய ‘அல்ஹிலால்’ மீது ஆங்கில அரசு 1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் ஜாமீன் தொகை கேட்டுக் கேட்டு 1914இல் அதை நிறுத்த வைத்தது. இவர்கள் ஒவ்வொருவருக்கும் வலுவான கருத்து இருந்தது. ஆனால் அந்தக் கருத்தை இதழும் செய்தியும் பள்ளிக்கூடமுமாக வேரூன்றச் செய்தார்கள். இதைத்தான் நான் வாசிப்புக்கூடத்துப் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரை மாஸ்டர் சாப் என்று அழைக்கும். சென்னைத் திருவல்லிக்கேணியில் சையத் அஸ்மத்துல்லா 1927இல் தொடங்கிய ‘முசல்மான்’ என்ற உருது நாளேட்டின் பழைய பிரதிகள் அவரிடம் ஒரு கட்டு இருக்கின்றன. அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய டாக்டர் அன்சாரிதான் அந்த ஏட்டைத் தொடங்கி வைத்தார். நான்கு பக்கங்களையும் காதிப்கள் என்னும் எழுத்துக் கலைஞர்கள் கையால் எழுத, அதைப் படமெடுத்துத் தகட்டில் ஏற்றி அச்சிடுவார்கள். முதல் பக்கத்தின் கீழ்மூலையில், கடைசி நேரச் செய்திக்கென்று ஓர் இடத்தைப் பிற்பகல் வரை வெறுமையாக விட்டு வைப்பது அவர்கள் வழக்கம். மாஸ்டர் சாப் ஒரு பிரதியை விரித்து அந்த மூலையை எனக்குக் காட்டினார்: மேலே எழுத்துகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்ததுபோல் அகலமாக, நிதானமாக இறங்கி வர, அந்த மூலையில் மட்டும் வரிகள் நெருங்கி, கடைசி வரியின் பாதி மேலே ஏறி எழுதப்பட்டிருந்தது. “செய்தி இடத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது, தம்பி, ஆனாலும் ஒரு சொல்லை விட்டுவிட எழுதிய காதிபுக்கு மனம் வரவில்லை” என்றார் அவர். இப்போது பெங்களூரிலிருந்து வரும் ‘சாலார்’ நாளேட்டைத்தான் அவர் படிக்கிறார். அவரைப் போல் உருது நாளேடு படிப்பவர்கள் எங்கள் தெருவில் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். நான் எழுதியவற்றில் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது மாந்தோப்புக் குத்தகை பற்றிய கட்டுரை. எங்கள் மாவட்டத்தில் வியாபாரிகள் மரம் பூவெடுக்கும் காலத்திலேயே தோப்புக்கு முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். மருந்தடிப்பது, காவல் போடுவது, காய் பறிப்பது எல்லாம் குத்தகை எடுத்தவர் செலவு. பூ கருகினாலோ, பிஞ்சு உதிர்ந்தாலோ, மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் பெங்களூரா வகை மாங்காய்க்கு விலையைக் குறைத்துவிட்டாலோ, இழப்பு அவர் தலையில் விழும். குத்தகை எடுப்பவர்களில் முஸ்லிம்கள் பலர். தோப்புக்காரர்களில் பெரும்பாலோர் இந்து விவசாயிகள். பெரிய தொகைகள்கூட வாய்ச்சொல்லை நம்பிக் கைமாறுகின்றன. நான் இதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது இதழின் ஆசிரியர், “இதில் முஸ்லிம் விஷயம் என்ன இருக்கிறது, பாய்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான் என்பதால் விடையைத் தேடி எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்திடம் போனேன்.

அவர் சொன்னது என்னை வியக்க வைத்தது. பழம் தேறும் அறிகுறி தெரியும் முன் அதை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக புகாரி, முஸ்லிம் என்னும் இரு நபிமொழித் தொகுப்புகளிலும் ஹதீஸ்கள் இருக்கின்றன. நபித்தோழர் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களின் அறிவிப்பு அதற்குக் காரணத்தையும் சொல்கிறது: மதீனாவில் மக்கள் முன்கூட்டியே பழத்தை விற்று வாங்குவார்கள், பறிக்கும் காலம் வந்ததும், நோய் விழுந்துவிட்டது, பிஞ்சு உதிர்ந்துவிட்டது என்று வாங்கியவர் வழக்குக்கு வருவார், இந்தத் தகராறுகள் பெருகியதால்தான் அந்த அறிவுரை பிறந்தது. எங்கள் மண்டியில் ஜூன் மாதத்தில் நான் கேட்கும் அதே சண்டை! இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான ஹனஃபி பிரிவின் அறிஞர்கள் காய் தோன்றுவதற்கு முன் விற்பதற்கும் தோன்றிய பின் விற்பதற்கும் வேறுபாடு காண்கிறார்கள் என்றும், குத்தகையை எந்தக் கட்டத்தில் எப்படிப் பேசினால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும் என்றும் ஹஜ்ரத் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு தோப்புக்காரர்களிடமும், குத்தகை எடுத்தவர்களிடமும், காய் பறிக்கும் கூலியாட்களிடமும் தனித்தனியே பேசினேன்; முன்பணம், மருந்துச் செலவு, பறிகூலி, வண்டி வாடகை, தொழிற்சாலை கொடுத்த விலை ஆகியவற்றைச் சிட்டைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தே எழுதினேன். கட்டுரை வந்த மாதம், இதழை அதுவரை கையில் எடுத்திராத தோப்புக்காரர்கள் இருவர் மண்டிக்கு வந்து பிரதி கேட்டு வாங்கிப் போனார்கள். ஒரு சமுதாயத்தின் வாழ்க்கை முழுவதும் அதன் இதழுக்குரிய விஷயம்தான். மார்க்கப் பக்கம், அரசியல் பக்கம் என்று இரண்டே அறைகளில் நாம் அடைந்து கிடக்கக் காரணமே இல்லை.

எழுத வருகிற பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் சொல்வது: பேட்டி எடுக்கப் போகும்போது கருத்தைக் கேட்காதீர்கள், கணக்கைக் கேளுங்கள். “விலைவாசி பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்றால் மேடைப் பேச்சுதான் வரும். “போன வருஷம் ஒரு டன்னுக்கு என்ன கொடுத்தார்கள், இந்த வருஷம் என்ன கொடுத்தார்கள், சிட்டை இருக்கிறதா?” என்றால் வாழ்க்கை வரும். பெயரை அவர்களையே உங்கள் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முஹம்மது என்பதை எங்கள் ஊரிலேயே நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள், தன் பெயரைத் தவறாக அச்சிட்ட இதழை ஒருவர் மறுபடி நம்ப மாட்டார்.

சரிபார்க்கும் பழக்கத்தை நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், நம்பத்தகாதவர் ஒரு செய்தியைக் கொண்டு வந்தால் தீர விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டு வருந்த நேரிடும் என்று கட்டளையிடுகிறது. ஹதீஸ் அறிஞர்கள் இந்தக் கட்டளையை ஒரு கலையாகவே வளர்த்தார்கள். அறிவித்தவரும் அவருக்குச் சொன்னவரும் ஒரே காலத்தில் வாழ்ந்திருந்தால் மட்டும் போதாது, சந்தித்ததற்குச் சான்று வேண்டும் என்று இமாம் புகாரி கேட்டார். வாசிப்புக்கூடத்தில் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு செய்தியை யாராவது உரக்கப் படித்தால், நாங்கள் கேட்கும் முதல் கேள்வியும் அதுதான்: உனக்கு அனுப்பியவர் அந்த இடத்தில் இருந்தாரா, இல்லையென்றால் இருந்தவரை அவர் சந்தித்தாரா? பெரும்பாலான செய்திகள் இந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

எண்ணிக்கையைச் சோதிக்க வரலாற்றறிஞர் இப்னு கல்தூனிடம் போகலாம். 1377இல் எழுதிய முகத்திமா என்னும் தம் வரலாற்று முன்னுரை நூலின் தொடக்கத்திலேயே, வரலாற்றாசிரியர்கள் ஏன் தவறுகிறார்கள் என்பதற்குக் கட்சிப்பற்று, சொன்னவரை அப்படியே நம்புவது, நிகழ்ச்சியின் பின்னணி தெரியாமை என்று காரணங்களை அடுக்குகிறார். லட்சக்கணக்கில் சொல்லப்பட்ட பழைய படைகளின் அளவை எடுத்துக்கொண்டு, இத்தனை பேர் நிற்க நிலம் எங்கே, உணவு எங்கே என்று கேட்டு உடைக்கிறார். பெருநாள் தொழுகைக்கு ஈத்கா திடலில் இத்தனை ஆயிரம் பேர் என்று செய்தி அனுப்பும் முன் நாங்கள் செய்வதும் அதுவே. தொழுகை வரிசையாக நடப்பதால் எண்ணுவது எளிது: ஒரு சஃப்பில், அதாவது வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணி, சஃப்களின் எண்ணிக்கையால் பெருக்கி, ஓரங்களில் நிற்பவர்களைச் சேர்த்தால் உண்மைக்கு மிக நெருங்கிய எண் கிடைக்கும். பொதுக்கூட்டமாக இருந்தால் நாற்காலி வாடகைக்குக் கொடுத்தவரிடம் கேட்பேன். அவர் கணக்கில் மிகை இருக்காது.

பிறர் தவறாக எழுதும்போது என்ன செய்வது என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஒரு தர்காவின் உருஸ் விழா நாளில் சரக்கு வண்டியை நிறுத்துவது பற்றி இரு டிரைவர்களுக்குள் நடந்த கைகலப்பை, ஒரு நாளேடு இரு மதத்தார் மோதல் என்று எழுதிவிட்டது. தெருவில் கொதிப்பு; கண்டன ஆர்ப்பாட்டம் நடத்தலாம் என்று பேச்சு. நாங்கள் முதலில் முதல் தகவல் அறிக்கையை எடுத்தோம். உணர்வுபூர்வமான வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கைகளைக் காவல்துறை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால் அது கிடைத்தது. அந்த நகலையும், சம்பவத்தைக் கண்ட டீக்கடைக்காரரின் கையொப்பமிட்ட வாக்குமூலத்தையும் இணைத்து, கோபச் சொல் ஒன்றும் இல்லாமல் ஒரு பக்கக் கடிதம் ஆசிரியருக்கு அனுப்பினோம். சில நாட்களில் திருத்தம் வந்தது. சிறியதாகத்தான் வந்தது, என்றாலும் வந்தது. வராமல் போயிருந்தால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலில் முறையிட்டிருப்போம். அங்கே போகும் முன் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதையும், நாளேடு, வார இதழ் என்றால் செய்தி வெளிவந்த இரண்டு மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். தொலைக்காட்சி அதன் வரம்புக்குள் வராது.

எங்கள் இதழ்களில் பெண்களின் குரல் குறைவாக இருப்பதை நான் ஒரு குறையாகவே எண்ணுகிறேன். நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே நாவல் வெளியிட்டு, உ.வே. சாமிநாதையரிடம் முன்னுரையும் பெற்றவர். அந்த மரபு இருந்தும் எங்கள் ஊர்ச் செய்திகளில் பெண்கள் திருமண அறிவிப்பில் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள். என் அக்காவை நாங்கள் ஆபா என்று அழைப்போம். கூழ் தொழிற்சாலைகளில் பருவ வேலைக்குப் போகும் பெண்களிடம் பேச நான் முயன்றபோது யாரும் இரண்டு வரிக்கு மேல் பேசவில்லை; ஆபா போய் அவர்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசினார். இரவு ஷிப்டுக்கு வண்டி வராத நாட்கள், தோல் சீவும்போது மாம்பால் பட்டுக் கையில் வரும் புண், சம்பளப் பணத்தில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய கணக்கு எல்லாம் அவர் நோட்டில் ஏறின. கட்டுரையை அவர் பெயரிலேயே வெளியிட வேண்டும் என்று நான் வற்புறுத்தினேன். இப்போது கல்லூரி மாணவிகள் சிலர் அவரோடு சேர்ந்து எழுதுகிறார்கள்.

அதிகம் சொல்ல வேண்டியது நிக்காஹ் தஃப்தரைப் பற்றி. எங்கள் ஜமாஅத்தின் இரும்பு பீரோவில், துணியில் சுற்றிக் கட்டிய பழைய திருமணப் பதிவேடுகள் இருந்தன. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லியின் அனுமதியோடு மாஸ்டர் சாபை உட்கார வைத்து அவற்றைப் படிக்கத் தொடங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் மணமகன், மணமகள், மணமகள் சார்பில் பேசும் வகீல், இரு சாட்சிகள், மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் என்று கட்டங்கள். எழுத்து ஷிகஸ்தா என்னும் விரைவு எழுத்து. புள்ளிகள் பாதி இடங்களில் இல்லை, சொற்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடுகின்றன. மஹர் தொகையின் பின்னால் ‘சிக்கா ராயிஜுல் வக்த்’, அதாவது அந்தக் காலத்தில் செல்லுபடியாகும் நாணயத்தில் என்று எழுதியிருக்கும். தொகையோ எண்ணாகவே தெரியவில்லை. நீண்ட வால் வைத்த ஒரு கோடும் அதன்மேல் இரண்டு சுழிகளுமாக ஏதோ குறியீடு. “இதன் பெயர் ரகம். முன்ஷிகள் என்னும் பழைய எழுத்தர்களின் கணக்கு எழுத்து. எவரும் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்துத் தொகையை ஏற்றிவிட முடியாது” என்று சொல்லி மாஸ்டர் சாப் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்க மனம் வரவில்லை. சாட்சிகளின் பெயருக்குப் பக்கத்தில் தொழிலும் இருந்தது: தையல்காரர், லாடம் கட்டுபவர், பீடி வியாபாரி, தலைமைக் காவலர். இந்த ஊரில் எந்தத் தொழில் எப்போது வந்தது, எப்போது மறைந்தது, எந்த ஊர்களோடு பெண் கொண்டும் கொடுத்தும் உறவு இருந்தது என்பதற்கெல்லாம் இதைவிட நம்பகமான சான்று எங்களுக்கு வேறு கிடைக்கவில்லை.

தேதிகளில் கவனம் தேவை. தஃப்தரில் ஹிஜ்ரி, நிலப் பத்திரத்தில் வருவாய்த்துறை ஆண்டான பசலி, பதிவு அலுவலகத்தில் ஆங்கில ஆண்டு என்று ஒரே குடும்பத்தின் தாள்கள் மூன்று கணக்கில் இருக்கும். ஹிஜ்ரி ஆண்டுக்குச் சுமார் 354 நாட்கள். ஆகவே வெறுமனே ஓர் எண்ணைக் கூட்டினால் சரிவராது. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் ஏறக்குறைய சரியான ஆங்கில ஆண்டு கிடைக்கும்: 1365 என்றால் 1946, நுட்பமாகப் பார்த்தால் அவ்வாண்டு 1945 டிசம்பரில் தொடங்குகிறது. நாளைக் குறிப்பிடும்போது பிறை பார்த்ததில் ஒரு நாள் முன்பின் இருக்கலாம் என்பதையும் எழுதிவிடுங்கள். கிழமை குறித்திருந்தால் அதை வைத்துச் சரிசெய்யலாம். பசலிக்கு, ஜூலை 1இல் ஆண்டு தொடங்கும் என்பதை வைத்து 590ஐக் கூட்டினால் தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1400 என்பது 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரை. பள்ளிவாசல், தர்கா நிலங்களைத் தேடுகிறவர்கள், மானிய நிலங்களை விசாரிக்க 1858இல் அமைக்கப்பட்ட இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைப் பார்க்க வேண்டும். அறக்கொடைச் சொத்துகளுக்கான வக்ஃபுத் திருத்தச் சட்டம் 2025இல் வந்த பிறகு ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் தாள்களைத் தேடி ஓடுகிறது, ஆனால் தேடும் இடம் தெரிந்தவர்கள் குறைவு.

தாள்களைப் பாதுகாப்பதில் சில நடைமுறைகள். குண்டூசிகளை முதலில் எடுத்துவிடுங்கள். துரு தாளைத் தின்றுவிடும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டக் கூடாது, லேமினேட் செய்யவே கூடாது. இரண்டும் சில ஆண்டுகளில் எழுத்தை மஞ்சளாக்கி அழித்துவிடும். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும் என்பதால், வெளுத்த பருத்தித் துணியில் கட்டும் பழைய பஸ்தா முறையே நல்லது. படமெடுக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்: காலை வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தில் பக்கத்தைச் சமமாக வைத்து, கைப்பேசியை அசையாமல் ஒரு சட்டத்தில் பொருத்தி, பக்கத்தின் ஓரத்தில் ஓர் அளவுகோலையும் வைத்து எடுத்தால் போதும். கோப்புப் பெயரில் தஃப்தர் எண்ணும் பக்க எண்ணும் இருக்கட்டும். அச்சு இதழ்களின் பழைய பிரதி கிடைத்தால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் அது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ‘சிங்கை நேசன்’ இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணையக் காப்பகத்தில் படிக்கலாம், உருது நூல்களுக்கு ரேக்தா இணையதளம் இருக்கிறது.

சொந்தமாக இதழ் தொடங்க நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக: பத்திரிகைப் பதிவுக்கான 1867ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2023ஆம் ஆண்டுச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது, பதிவு இணையவழியே நடக்கிறது. பணத்தைப் பொறுத்தவரை, விளம்பரத்தை நம்பாமல் ஆண்டுச் சந்தாவை நம்புங்கள். ரமலான் மலருக்குக் கிடைக்கும் விளம்பரத்தை ஆண்டு முழுவதற்கும் எதிர்பார்த்துத் தொடங்கிய இதழ்கள் அடுத்த ரமலானைப் பார்த்ததில்லை.

தஃப்தர்ப் படங்களை யார் வைத்துக்கொள்வது என்பதில் ஜமாஅத்தில் நீண்ட விவாதம் நடந்தது. தலாக், குலா ஆகிய மணவிலக்குகள் பற்றிய குறிப்புகளும் சில பக்கங்களின் ஓரத்தில் இருப்பதால், உயிரோடு இருப்பவர்களின் மானம் அதில் அடங்கியிருக்கிறது. முடிவில், மூலப் பதிவேடுகள் பீரோவிலேயே இருக்க, ஒரு வன்தட்டு முத்தவல்லியிடமும் மற்றொன்று வாசிப்புக்கூடத்திலும் இருப்பது என்றும், குடும்பத்தார் தங்கள் பக்கத்தை மட்டும் கேட்டுப் பெறலாம் என்றும், ஆய்வுக்குக் கேட்பவர்களுக்குப் பெயர் மறைத்த பட்டியலைத் தருவது என்றும் எழுதிக் கையொப்பமிட்டோம். ரகம் எழுத்தைப் படிக்க மாஸ்டர் சாபிடம் ஒரு கல்லூரி மாணவி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கற்கிறார். ஒவ்வொரு குறியீட்டையும் வரைந்து, பக்கத்தில் அதன் தொகையைத் தமிழில் எழுதி ஒரு அட்டவணை தயாரித்து வருகிறார். அது முடிந்ததும் எங்கள் மாத இதழில் முழுமையாக வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார். வாணியம்பாடி, ஆம்பூர், ஓசூர், தேன்கனிக்கோட்டை ஜமாஅத்களிடமும் இத்தகைய தஃப்தர்கள் இருக்கக்கூடும். இருந்தால், மஹர் தொகை எழுதிய கட்டங்களை முதலில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அட்டவணை வந்ததும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.